பந்தியில் ஆரம்பிக்கும் படம்

அந்தப் படத்தை நான் முதன்முதலாகப் பார்த்தபோது எனக்கு நாற்பத்தாறு வயது. அன்று சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா. வியாழக்கிழமை ரெடி என்று சொன்ன ப்ளவுஸ் சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கும் மெஷினில்தான் இருந்தது. நான் கணக்கு டீச்சர். வியாழன் என்றால் எனக்கு வியாழன்தான். கடை வாசலில் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நாலு வார்த்தை கேட்டேன்.

அந்தத் தையல்கடை தியாகராய நகரில், ரங்கநாதன் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு பழைய காம்ப்ளெக்ஸின் முதல் மாடியில் இருக்கிறது. இரண்டு மெஷின், ஒரு ஸ்டூல், சுவர் முழுக்க நூல்கண்டுகள். அலமாரிக்கு மேலே ஒரு சின்ன டி.வி. கடைக்காரி என்னைவிட நாலைந்து வயது இளையவள். அவள் வீட்டுக்காரர் கீழே லேஸ், பட்டன் கடை வைத்திருக்கிறார். வெட்டு வேலை, தையல் வேலை இரண்டும் அவளே செய்வதால் அந்த வரிசையில் எல்லோரும் அவளை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். அவள் என்னை டீச்சர் என்றாள். இன்றுவரை எங்களுக்குள் வேறு பெயர் புழங்கியதில்லை.

நான் கேட்ட நாலு வார்த்தைக்கும் மாஸ்டர் உடனே பதில் சொல்லவில்லை. உதட்டில் ஆறேழு குண்டூசிகளைக் கவ்விக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்திவிட்டு, "குந்து டீச்சர். ஹூக் வெக்கிற வேலதான் பாக்கி" என்றாள்.

தையல்காரர்கள் பாஷையில் ஹூக் வைக்கிற வேலை என்றால் ஐந்து நிமிஷமும் ஆகலாம், இரண்டு நாளும் ஆகலாம். வேறு வழியில்லாமல் ஸ்டூலில் உட்கார்ந்தேன். டி.வி.யில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குக் கறுப்பு வெள்ளைப் படம் என்றாலே ஆகாது. யாராவது இருமி இருமி ரத்தம் கக்குவார்கள், யாராவது ரயிலடியில் பிள்ளையைத் தொலைப்பார்கள் என்பது என் அபிப்பிராயம்.

"வேற ஏதாவது வைங்களேன்" என்றேன்.

"ரிமோட்டு இல்ல டீச்சர். வீட்டுக்காரரு எடுத்துக்கினு போயிட்டாரு."

ரிமோட் கத்திரிக்கோல் டிராயரில் இருந்தது என்பது ஒரு வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

திரையில் ஒரு வீட்டுக் கூடம். நாற்பது பேர் வாழை இலை முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். வீட்டுக்காரர், ஒல்லியான மனிதர், ரச வாளியைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவரிடமும், "இன்னும் கொஞ்சம் விடட்டுமா?" என்று சிரிக்கிறார். அடுக்களைப் பக்கம் திரும்பியதும் அதே முகம் அழுகிறது. "யார் இவங்க?" என்று பெண்டாட்டியிடம் வாயசைக்கிறார். அவள் உதட்டைப் பிதுக்குகிறாள். நாற்பதாவது இலைக்கு ரசம் போதவில்லை. அவர் வாளியோடு கிணற்றடிக்கு ஓடுகிறார். திரும்பி வந்து ஊற்றுகிறார். குடித்துப் பார்த்த சம்பந்தி தலையை ஆட்டி, "இதுதான் ரசம்!" என்கிறார்.

நான் சிரித்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் மாஸ்டருக்குத் தோள் இரண்டும் குலுங்குகிறது. வாயில் ஊசி இருந்ததால் மூக்கால் சிரிக்கிறாள்.

கதை இவ்வளவுதான். ஊருக்குப் புதிதாக வந்த ஒரு கல்யாண கோஷ்டி வீடு மாறி இந்த வீட்டுக்கு வந்துவிடுகிறது. வீட்டுக்காரருக்கு யாரையும் முகத்துக்கு நேரே போ என்று சொல்லத் தெரியாது. மூன்று நாள் சோறு போடுகிறார். இரண்டாம் நாளே மாப்பிள்ளைக்கு இது வேறு வீடு என்று தெரிந்துவிடுகிறது. ஆனால் அந்த வீட்டுப் பெண்ணைப் பார்த்துவிட்டதால் வாயைத் திறப்பதில்லை. அப்புறம் சம்பந்திக்குத் தெரிகிறது. சாம்பார் நன்றாக இருப்பதால் அவரும் சொல்வதில்லை. கடைசியில் எல்லோருக்கும் தெரியும், எல்லோருக்கும் தெரியும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஒருத்தர் சொல்ல வேண்டுமே! வில்லன் கிடையாது, இருமல் கிடையாது, யாரும் யாருக்கும் புத்தி சொல்வதில்லை.

ஹூக் வைத்து முடித்து அரை மணி நேரம் கழித்தும் நான் எழுந்திருக்கவில்லை. படம் முடிந்த பிறகுதான் ஆண்டு விழா ஞாபகம் வந்தது. தலைமையாசிரியையிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். மேடைக்குப் பின்னால் நின்று திட்டு வாங்கும்போதும் ரச வாளி கண்ணுக்குள்ளேயே நின்றது.

அடுத்த தடவை அந்தப் படத்தை எப்படிப் பார்ப்பது என்பதுதான் பிரச்சினை. அது அந்தப் பகுதி கேபிள்காரர் நடத்தும் ஒரு சேனல். எங்கள் மந்தைவெளி வீட்டில் டிஷ். அதில் அந்தச் சேனல் வராது. மாஸ்டருக்கும் படத்தின் பெயர் தெரியாது. ஏனென்றால் அந்தச் சேனலில் அந்தப் படம் எப்போதுமே பந்தியில்தான் ஆரம்பிக்கும். வீட்டுமனை விளம்பரம், மூட்டுவலித் தைல விளம்பரம், அடுத்த நொடி ரச வாளி. டைட்டிலும் இல்லை, முதல் ரீலும் இல்லை. எப்போது போடுவார்கள் என்று கேபிள்காரருக்கே தெரியாது.

"நா மிஸ்டு கால் குட்றேன் டீச்சர்" என்றாள் மாஸ்டர். "ரெண்டு ரிங், கட்டு. எடுக்காத. எடுத்தா பேச்சு வளரும், படம் போயிரும்."

அப்படித்தான் ஆரம்பித்தது. இரண்டு ரிங் வந்தால் படம் ஓடுகிறது என்று அர்த்தம். விடுமுறை நாளாக இருந்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவேன். மந்தைவெளியிலிருந்து தி.நகர் போவது ஒரு காலத்தில் இருபது நிமிஷம். இப்போது மெட்ரோவுக்காக லஸ்ஸிலிருந்து பனகல் பார்க் வரை தோண்டிப் போட்டிருக்கிறார்கள். நேற்றுப் போன வழி இன்று இருக்காது. ஆட்டோக்காரர் சுற்றிச் சுற்றிப் போய் இறக்கிவிடும்போது பெரும்பாலும் மாப்பிள்ளைக்கு விஷயம் தெரிந்திருக்கும். ஒரு தடவை கடைசிக் காட்சிக்கு மட்டும் போய்ச் சேர்ந்து, மூச்சிரைக்க ஸ்டூலில் உட்கார்ந்தேன். "வணக்கம்" போட்டுவிட்டார்கள். மாஸ்டர் எனக்காக மூன்று நாள் கதையையும் முழுசாக நடித்துக் காட்டினாள், ஊசிப்பெட்டியையே ரச வாளியாக வைத்துக்கொண்டு.

வேலை நாளாக இருந்தால் போக முடியாது. ஆனாலும் ஒன்பதாம் வகுப்பில் முக்கோணம் போட்டுக்கொண்டிருக்கும்போது கைப்பையில் போன் இரண்டு தடவை அதிர்ந்து நின்றால், எனக்குச் சிரிப்பு வந்துவிடும். இதோ இப்போது அங்கே ரசம் ஊற்றுகிறார்கள். அன்றைக்குப் பிள்ளைகள் என்ன தப்பு செய்தாலும் திட்டு கிடையாது. மிஸ்டு கால் வந்த நாளில் டீச்சர் நல்லவள் என்பதை வகுப்பே கண்டுபிடித்துவிட்டது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

"மறுபடியும் அந்தப் பந்தியா? சாப்டுண்டே இருக்காளே, முடியவே முடியாதா?" என்பார் என் வீட்டுக்காரர். அவருக்குக் கிரிக்கெட். ஐந்து நாள் ஆட்டத்தை வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறவருக்கு மூன்று நாள் கல்யாணம் நீளமாகத் தெரிகிறது.

எங்களுக்கு ஒரே ஒரு குறைதான். அந்தக் கோஷ்டி எப்படி வீடு மாறி வந்தது? முதல் ரீலில் இருக்க வேண்டும். இரண்டு பேரும் தலையைப் பிய்த்துக்கொண்டோம். கதவு நம்பரில் ஆணி கழன்று ஆறு ஒன்பதாகியிருக்கும் என்பது மாஸ்டர் கட்சி. பஸ் கண்டக்டர் வேறு ஸ்டாப்பில் இறக்கிவிட்டிருப்பான் என்பது என் கட்சி. இதற்காக நாங்கள் சண்டை போட்டதைப் பார்த்துவிட்டு, ஃபால்ஸ் தைக்க வந்த ஒரு அம்மா வேறு கடைக்குப் போய்விட்டார்.

"ஒரு நாளு மொத ரீல பாத்துடணும் டீச்சர்" என்றாள் மாஸ்டர் ஒரு தடவை. "ஒண்ணாதான் பாக்கணும். நீ மட்டும் தனியாப் பாத்த, உன் ப்ளவுஸ் எல்லாத்தையும் டைட்டா தச்சிக் குட்த்துருவேன்."

"சத்தியமா ஒண்ணாதான்" என்றேன். அவள் நீட்டிய கையில் என் கையை வைத்து அடித்தும் கொடுத்தேன்.

மூன்று வருஷம் இப்படி ஓடியது. போன வருஷம் எங்கள் வீட்டுக்குப் புது டி.வி. வந்தது. வீட்டுக்காரர் கிரிக்கெட்டுக்காக ஏதோ ஒரு ஆப் போட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வெளியே போனதும், சும்மா கல்யாணம் என்று தட்டிப் பார்த்தேன். வரிசையாகப் பழைய படங்கள். ஏழாவது படத்தில் அந்த ஒல்லி மனிதர், கையில் ரச வாளி. கீழே படத்தின் பெயர். அதை இங்கே எழுதப் போவதில்லை. பெயர் தெரிந்த பிறகுதான் எங்களுக்குள் வம்பு வந்தது.

அதே படம்தானா என்று ஒரு நிமிஷம் போட்டுச் சரிபார்க்கலாம் என்று நினைத்தேன். விடையைச் சரிபார்க்காமல் எழுதாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறவள் அல்லவா. டைட்டில் ஓடியது. நாதஸ்வரம் வாசித்தது. பஸ் வந்தது. சரி, பஸ் நிற்கட்டும் என்று பார்த்தேன். நின்றது. கோஷ்டி இறங்கியது. சரி, கதவைத் தட்டட்டும். இப்படியே ஒவ்வொரு நிமிஷமாகப் போய், என் கண் முன்னால் இலை போட்டுப் பந்தி ஆரம்பித்தபோதுதான் நான் செய்த காரியம் எனக்கு உறைத்தது. இருபத்திரண்டு நிமிஷம். பந்திக்கு முந்து என்பார்கள், நான் முந்திவிட்டேன்.

அன்றைக்கே சொல்லியிருந்தால் ஒரு திட்டோடு போயிருக்கும். மறுநாள் கடைக்குப் போய், "படம் கிடைச்சுடுத்து! முழுசா இருக்கு! நான் இன்னும் பார்க்கலை, உனக்காக வெச்சிருக்கேன்" என்றேன். எந்த வாய் அப்படிச் சொன்னதோ தெரியவில்லை. மாஸ்டர் ஊசிகளைத் துப்பிவிட்டு என் இரண்டு கன்னத்தையும் வழித்துத் திருஷ்டி கழித்தாள். நோன்புப் பெருநாள் தையல் குவிந்து கிடந்தது. "பெருநாள் முடியட்டும் டீச்சர். உன் வூட்லயே பாக்கலாம். பிரியாணி நா எடுத்தாறேன், நீ தயிர்சாதம் துன்னு" என்றாள்.

அடுத்த இரண்டு வாரமும் திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரிதான். அவள் ஆறும் ஒன்பதும் என்று ஆரம்பிப்பாள். அது தப்பு என்று எனக்குத் தெரியும். நானும் கண்டக்டர்தான் என்று சாதிக்க வேண்டும். அதுவும் தப்பு என்று தெரியும். தெரிந்துகொண்டே சண்டை போடுவது எவ்வளவு கஷ்டம் என்று அந்தப் படத்தில் நடித்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

பெருநாளுக்கு இரண்டு நாள் முன்னால், மத்தியானம், நான் ஸ்டூலில் உட்கார்ந்து அவளுக்கு உதவியாகக் காஜா நூல் கோத்துக்கொண்டிருந்தேன். ஒரு அம்மா நாலு ப்ளவுஸ் துணியோடு வந்து நின்றார். பெருநாளுக்குள் வேண்டுமாம். மாஸ்டர் என் பக்கம் திரும்பி, "இன்னா டீச்சர் பண்றது, போகச் சொல்லிட்டா?" என்று கண்ணால் கேட்டாள்.

நான் யோசிக்காமல், அந்த ஒல்லி மனிதரின் குரலிலேயே சொன்னேன்: "வந்தவர்களை உட்காருங்கள் என்று சொல்லலாம். போங்கள் என்று எப்படியம்மா சொல்வது?"

அந்த அம்மா சிரித்தார். மாஸ்டர் சிரிக்கவில்லை. துணியை வாங்கி வைத்து, அவரை அனுப்பிவிட்டு, மெஷினை நிறுத்தினாள்.

"இது எங்க வர்ற டயலாக்கு?"

பந்தியிலிருந்து வணக்கம் வரை அந்தப் படத்தில் அவளுக்குத் தெரியாத ஒரு வரி கிடையாது. அவளிடம் போய் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா? "ஒரு நிமிஷம் சரிபார்க்கலாம்னுதான்..." என்று ஆரம்பித்தேன். அவள் மெஷினிலிருந்து துணியை உருவினாள். "இரு, இரு, இப்பவே பார்த்துடலாம், போன்லயே இருக்கு" என்று ஆப்பைத் திறந்து படத்தின் பெயரைத் தட்டினேன். இந்தப் படம் தற்போது இல்லை என்று வந்தது. மறுபடி தட்டினேன். மறுபடியும் இல்லை. மாதம் முடிந்ததும் படத்தை ஆப்பிலிருந்து தூக்கிவிட்டார்கள்.

"பரவால்ல டீச்சர்" என்றாள் மாஸ்டர், போனைப் பார்த்துவிட்டு. "நீங்க பாத்துட்டீங்க இல்ல. போதும்."

மூன்று வருஷமாக நீ, வா, குந்து என்றவள் நீங்க என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனால் கடையில் அதற்குள் இன்னும் இரண்டு பேர் வந்துவிட்டார்கள். எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்த வியாழக்கிழமை என் ப்ளவுஸ் ரெடியாக இருந்தது. சொன்ன நாளில் ரெடியான முதல் ப்ளவுஸ். மாஸ்டர் கஸ்டமருக்குத் துணி வெட்டிக்கொண்டே தலையை மட்டும் ஆட்டினாள். வெளியே வந்து கவரைப் பிரித்தேன். புது ப்ளவுஸுக்குக் கீழே என் அளவு ப்ளவுஸும் மடித்து வைத்திருந்தது. பழைய காப்பிப்பொடி நிறத்து ப்ளவுஸ், முதன்முதலில் அளவுக்காகக் கொடுத்தது. ஒரு தையல்காரரிடம் அளவு ப்ளவுஸ் இருக்கும்வரைதான் நாம் அவர் வாடிக்கை. கேட்காமலே திருப்பிக் கொடுத்தால், இனிமேல் வேறு இடம் பார்த்துக்கொள் என்று அர்த்தம். பெண்கள் எல்லோருக்கும் இது தெரியும். மாம்பலம் ஸ்டேஷன் கூட்டத்தில் அந்தக் கவரை மார்போடு பிடித்துக்கொண்டு நான் நின்ற நிற்பைப் பார்த்து ஒரு கான்ஸ்டபிள் பர்ஸ் போய்விட்டதா என்று விசாரித்தார்.

டைட்டாகத் தைத்திருக்கிறாளா என்று வீட்டில் போட்டுப் பார்த்தேன். கச்சிதமாக இருந்தது. டைட்டாக இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்.

மூன்று மாதம் போன் இரண்டு தடவை அதிரவேயில்லை. நான் கூப்பிட்டால் முழு ரிங்கும் போய் நின்றது. இரண்டு தடவைக்கு மேல் கூப்பிட ரோஷம் விடவில்லை. பேச முடியாது, சரி. முதல் ரீலையாவது அவள் முன்னால் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும் என்று தேட ஆரம்பித்தேன். இப்போதுதான் பெயர் தெரியுமே. பாண்டி பஜாரில் பழைய பட சி.டி. தட்டுகள் விற்கும் ஒருவர் அலமாரிக்குப் பின்னாலிருந்து எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தார். இரண்டு தட்டு. வீட்டுக்கு ஓடி வந்து போட்டால் முதல் தட்டில் ஏதோ ஒரு பக்திப் படம், இரண்டாவதில் நம் படம். ஆரம்பிப்பது பந்தியில்! நெட்டில் யாரோ ஒரு புண்ணியவான் பதினோரு துண்டாக ஏற்றியிருந்தார். முதல் துண்டைக் காணோம். நாலாவதில் படம் இடம் வலம் மாறி, எல்லோரும் இடது கையால் சாப்பிட்டார்கள். அடையாறில் ஒரு புது டெய்லரிடம் ப்ளவுஸ் தைக்கக் கொடுத்தேன். அவர் டேப்பால் அளந்து ஏதோ ஒரு மெஷினில் குறித்துக்கொண்டார். ப்ளவுஸ் வந்தது. கையைத் தூக்கினால் கரும்பலகையின் பாதி உயரம்தான் எட்டியது.

ஆனி மாதம் ஒரு நாள் காலையில் காப்பிப்பொடி வாங்கப் போன வீட்டுக்காரர், செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார்.

"சபா வாசல்ல போர்டு வெச்சிருக்கா. ஞாயித்துக்கிழமை கார்த்தால பத்து மணிக்கு உன் பந்திப் படமாம். பெரிய திரைல போடறாளாம்."

"முழுசாவா?"

"டைட்டில்லேருந்து வணக்கம் வரைக்கும்னு கேட்டுண்டுதான் வந்தேன். உன்னைத் தெரியாதா எனக்கு?"

காப்பிப்பொடி வாங்க மறந்துவிட்டார். அன்றைக்கு அதற்காக நான் ஒன்றும் சொல்லவில்லை.

போனை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கூப்பிட்டால் எடுக்க மாட்டாள். அப்புறம்தான் தோன்றியது. இரண்டு ரிங் விட்டேன், கட் பண்ணினேன். இத்தனை வருஷத்தில் என் பக்கத்திலிருந்து போன முதல் மிஸ்டு கால் அதுதான்.

அரை மணி நேரம் கழித்து அவளிடமிருந்து போன் அடித்தது. பழக்க தோஷம், நான் எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். நின்றது. மறுபடி அடித்தது.

"எடுக்க மாட்டியா? எங்க ஓடுது?" என்றாள் மாஸ்டர்.

மாட்டியா என்றாள், மாட்டீங்களா என்று சொல்லவில்லை. அவசரமாகச் சொன்னேன்: "மயிலாப்பூர்ல. ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு. முதல்லேருந்து."

"கடைய மூடிட்டு வர்றேன்" என்று வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பதரைக்கே சபா வாசலில் நின்றேன். பத்து மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது ஆட்டோவிலிருந்து இறங்கினாள். "இன்னா ஊரு இது, கொளத்தச் சுத்தி மூணு வாட்டி இட்டுக்கினு போறான்" என்று என்னிடம் சொன்னாளா, ஆட்டோக்காரரிடம் சொன்னாளா தெரியவில்லை. என் முகத்தைப் பார்க்காமலே உள்ளே நடந்தாள். நானும் பின்னால் போனேன். முக்கால்வாசி இருக்கைகளில் வயதான மாமாக்கள், மாமிகள். எட்டாவது வரிசையில் உட்கார்ந்தோம். விளக்கு அணைந்தது.

"எவ்ளோ நேரம் பாத்த?" என்றாள் இருட்டில்.

"இருபத்திரண்டு நிமிஷம்."

"கண்ண மூடிக்கோ."

"என்ன?"

"நீதான் பாத்துட்டியே. இப்ப நா பாக்கறேன், நீ மூடிக்கோ. ஒண்ணாப் பாக்கறதுக்குக் குட்த்து வெக்கல இல்ல. நா சொல்றேன், நீ கேளு."

மூடிக்கொண்டேன். நம்பிக்கை இல்லாமல் என் மூக்குக்கண்ணாடியையும் கழற்றித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நாதஸ்வரம் கேட்டது. "பேரு போட்றான் டீச்சர். பூ டிசைனு. நம்ம சேலை பார்டர் மாதிரி கீது... பஸ்ஸு வருது... கண்டக்டரு இறங்கறான்... இல்ல, அவன் கரெக்ட்டாதான் சொல்றான், உன் கட்சி அவுட்டு!"

முன்வரிசை மாமா திரும்பி, "செத்த பேசாம இருக்கேளா?" என்றார்.

"கண்ணு ஆபரேசன் மாமா இவங்களுக்கு. தொறக்கக் கூடாதுன்னு டாக்டரு சொல்லிக்கீறாரு. அதான் கத சொல்லினு கீறேன்."

"அடடா, சொல்லுங்கோ, சொல்லுங்கோ" என்றார் மாமா.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. மாஸ்டரின் பேச்சு நின்றது. எனக்குத் தெரியும், இதுதான் அந்த இடம். பெண்டாட்டி கதவைத் திறக்கிறாள். வந்தவர்கள் புருஷன் வழிச் சொந்தம் என்று நினைத்து வாங்க வாங்க என்கிறாள். புருஷன் கூடத்துக்கு வந்து பார்த்து, பெண்டாட்டி வழிச் சொந்தம் என்று நினைத்துக் கும்பிடுகிறார். இரண்டு பேரும் மற்றவர் மனசு நோகக் கூடாது என்று யார் என்று கேட்பதில்லை. அவ்வளவுதான். கதவு நம்பரை யாருமே பார்க்கவில்லை.

"யா அல்லா... ஆறும் இல்ல, ஒம்போதும் இல்ல டீச்சர்! யாரும் கேக்கவே இல்ல டீச்சர்!" என்றாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள்.

அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன்னால் கேட்டதே இல்லை. மூன்று வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், எப்போதும் அவள் உதட்டில் குண்டூசி இருக்கும். மூக்கால் வரும் புஸ் என்ற சத்தமும் தோள் குலுங்குவதும்தான் எனக்குத் தெரியும். இது வயிற்றிலிருந்து வந்தது. சின்னக் குழந்தையைத் தூக்கிப் போட்டுப் பிடித்தால் சிரிக்குமே, அப்படி விட்டு விட்டு, கிறீச்சிட்டு, என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். முன்வரிசை மாமாவும் சிரித்தார், பின்னால் யாரோ சிரித்தார்கள். மூடிய கண்ணுக்குள் எனக்குத் தண்ணீர் முட்டியது. இதை டி.வி.யில் தனியாகப் பார்த்த அன்று நான் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

ரச வாளியின் கிணுங் சத்தம் கேட்டது. என் மூக்கில் கண்ணாடி வந்து உட்கார்ந்தது.

"இப்பத் தொற" என்றாள் மாஸ்டர்.

திறந்தேன். சுவர் அகலத்துக்கு வாழை இலைகள். அந்த ஒல்லி மனிதரின் சட்டையில் ஒரு பட்டன் இல்லை என்பதைப் பெரிய திரையில்தான் பார்த்தோம். இரண்டு பேரும் ஒரே சமயத்தில், "பட்டன்!" என்றோம். மிச்சப் படம் முழுக்க வசனத்தை நாங்கள்தான் முதலில் சொன்னோம், அப்புறம்தான் அவர்கள் சொன்னார்கள்.

விளக்கு வந்ததும் முன்வரிசை மாமா என் கண்ணையே பார்த்தார். "பேஷ், அதுக்குள்ள குணமாயிடுத்தே! எந்த டாக்டர்?" என்றார். நான் பக்கத்தில் இருந்த மாஸ்டரைக் காட்டினேன்.

வெளியே நல்ல வெயில். குளத்தோரம் நடந்து வந்தோம். மாஸ்டர் திடீரென்று நின்று என் முதுகைத் திருப்பிப் பார்த்தாள்.

"எவன் தச்சான் இத? கையி மேலயே ஏறாதே."

"அடையாறுல."

"நல்லா வேணும் உனக்கு" என்று கையை நீட்டினாள். "அளவு ப்ளவுஸ குடு. வூட்லதான் வெச்சிருப்ப, நாளைக்கு எடுத்தா."

கைப்பையைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். அவள் திருப்பிக் கொடுத்த நாளிலிருந்து அது அந்தப் பையில்தான் இருந்தது. மாஸ்டர் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். நடுத்தெருவில் அதை விரித்து என் தோளில் வைத்து அளவு பார்த்தாள்.

"ஒரு இஞ்சு பிரிச்சு வுடணும். மூணு மாசத்துல குண்டாயிட்ட. துணிய நாளைக்குக் குட்த்துரு டீச்சர். வியாழக்கெழம ரெடி."

வியாழக்கிழமை ரெடியாகாது என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். சரி, வியாழக்கிழமை வருகிறேன் என்றேன்.